இரண்டாவது நாற்காலி – 9: வாக்கெடுப்பு நாளைக்கு

சென்ற வாரம் 1940-இல் நிறுத்தியிருந்தோம். மூன்றாவது முறை அதிபர் தேர்தலில் நிற்கத் துணிந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், தன்னோடு மோதிக்கொண்ட துணை அதிபர் கார்னரைக் கழித்துவிட்டு, வேளாண் அமைச்சர் ஹென்றி வாலஸைத் துணை அதிபர் வேட்பாளராகக் கேட்டார். ஜனநாயகக் கட்சி மாநாடு முரண்டு பிடித்தது. வாலஸ் கிடையாது என்றால் நானும் கிடையாது என்று விலகல் அறிக்கையையே எழுதி வைத்தார் ரூஸ்வெல்ட். கட்சி பணிந்தது.

அதுவரை இரண்டாவது நாற்காலி கட்சிக்காரர்களின் சொத்தாக இருந்தது. அதிபர் வேட்பாளர் ஒரு பகுதிக்கு, துணை அதிபர் வேட்பாளர் இன்னொரு பகுதிக்கு என்று மாநிலத் தலைவர்கள் கூடிப் பங்கு பிரிப்பார்கள். அந்த உரிமையை 1940-இல் ஒரு தனிமனிதர் பறித்துக்கொண்டார்.

நான்கு ஆண்டுகள் கட்சிப் பெரும்புள்ளிகள் காத்திருந்தார்கள். 1944-இல் அந்த உரிமையை அவர்கள் மீட்ட கதைதான் இந்த வாரம்.

*

1944 மார்ச் மாத இறுதி. வாஷிங்டனுக்கு அருகே பெதஸ்டா கடற்படை மருத்துவமனை. ஹாவர்ட் புரூயென் என்ற இளம் இதய மருத்துவரின் முன் ரூஸ்வெல்ட் உட்கார்ந்திருந்தார். ரத்த அழுத்தம் 186/108. இதயம் வீங்கியிருந்தது, அதன் வலு குறைந்துகொண்டிருந்தது.

ரூஸ்வெல்ட் எதுவும் கேட்கவில்லை. புரூயெனும் தானாக எதையும் அவரிடம் சொல்லவில்லை. அதிபரின் சொந்த மருத்துவரான அட்மிரல் ராஸ் மெக்கின்டயர், வயதுக்கு ஏற்ற நல்ல உடல்நிலை என்று நாட்டுக்கு அறிவித்துக்கொண்டிருந்தார்.

மருத்துவ அறிக்கை வெளியே வரவில்லை. ஆனால் அவரை நேரில் பார்த்தவர்களுக்கு அறிக்கை தேவைப்படவில்லை. சட்டைக் கழுத்து தொளதொளவென்று நின்றது, கை நடுங்கியது, பேச்சின் நடுவே வாய் திறந்தபடி அப்படியே உறைந்துபோனார். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைக் கையில் வைத்திருந்த எட் ஃபிளின், கட்சித் தலைவர் ராபர்ட் ஹானகன், பொருளாளரும் கலிஃபோர்னியா எண்ணெய் முதலாளியுமான எட்வின் பாலி ஆகியோர் ஒரே முடிவுக்கு வந்தார்கள். ரூஸ்வெல்ட் நான்காவது முறையும் ஜெயிப்பார், ஆனால் பதவிக்காலத்தை முடிக்க மாட்டார். சிகாகோவில் கூடவிருந்த கட்சி மாநாடு தேர்ந்தெடுக்கப்போவது இரண்டு அதிபர்களை.

இந்த ஒரு கணிப்புதான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் வேர்.

*

வாலஸ் ஏன் கூடாது?

அயோவாக்காரர். வீரிய ஒட்டு மக்காச்சோள விதையைச் சந்தைக்குக் கொண்டுவந்து அமெரிக்க விவசாயத்தையே மாற்றியவர்களில் ஒருவர். போருக்குப் பின் வரப்போவது சாமானியனின் நூற்றாண்டு என்று 1942-இல் அவர் ஆற்றிய உரை உலகெங்கும் பேசப்பட்டது. 1943-இல் டெட்ராய்டில் இனக்கலவரம் நடந்த சில வாரங்களில் அங்கேயே போய், வெளிநாட்டில் பாசிசத்தை எதிர்த்துக்கொண்டு உள்நாட்டில் இனவெறியைச் சகிக்க முடியாது என்று பேசினார்.

1944-இல் அவர் எழுதிய ஒரு சிறு நூல் நமக்கும் தொடர்புடையது. பசிபிக் பகுதியில் அமெரிக்காவின் பணி என்ன என்பதைப் பற்றியது. இந்தியா, பர்மா, மலாயா உள்ளிட்ட குடியேற்ற நாடுகளுக்கு விடுதலை வேண்டும் என்று அதில் வாதிட்டார். பிரிட்டிஷ் தூதரகத்தில் அப்போது பணியாற்றிய ரோல்ட் டால், பின்னாளில் குழந்தைகளுக்கான கதைகளால் புகழ்பெற்ற அதே டால்தான், அதன் வரைவைக் கைப்பற்றி மேலிடத்துக்கு அனுப்பினார். சர்ச்சில் கொதித்துப் போனார்.

வெளிநாட்டுக் கோபத்தைக் கட்சி தாங்கிக்கொள்ளும். தென்மாநிலங்களின் கோபத்தை எப்படித் தாங்குவது?

ஜனநாயகக் கட்சி அன்று ஒன்றுக்கொன்று ஒட்டாத இரு பாதிகளால் ஆனது. வடக்கே தொழிலாளர்கள், குடியேறிகள், 1930-களில் லிங்கனின் கட்சியான குடியரசுக் கட்சியை விட்டு வந்த கறுப்பின வாக்காளர்கள். தெற்கே அதே கறுப்பினத்தவரை வாக்குச்சாவடிக்கே விடாத வெள்ளையர் ஆட்சி. அதிபர் வேட்பாளராக மாநாட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்ற பழைய விதி, தெற்குக்குப் பிடிக்காத எவரையும் தடுக்கும் ஆயுதமாக இருந்தது. 1936-இல் ரூஸ்வெல்ட் அந்த விதியை ஒழித்தார். 1944 ஏப்ரலில், டெக்சாஸில் வெள்ளையர்கள் மட்டும் வாக்களிக்கும் கட்சி உட்தேர்தல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெற்கு கொதிநிலையில் இருந்தபோது, அடுத்த அதிபராகக்கூடிய இடத்தில் இனச் சமத்துவம் பேசும் வாலஸ் உட்கார்ந்திருந்தார்.

வாலஸிடமும் குறை இருந்தது. துணை அதிபர் என்ற முறையில் செனட்டுக்குத் தலைமை வகித்தவர், செனட்டர்களோடு பழகத் தெரியாதவர். நம் இமயமலையில் குலூ பள்ளத்தாக்கில் வாழ்ந்த ரஷ்ய ஓவியர் நிகோலஸ் ரோரிக்கைக் குருவாக விளித்து ஒரு காலத்தில் அவர் எழுதிய கடிதங்கள் 1940-இலேயே குடியரசுக் கட்சியின் கைக்குப் போயிருந்தன. அப்போது அவை வெளியாகவில்லை. ஆனாலும் அந்தப் பயம் கட்சியில் தங்கிவிட்டது.

*

ஜூலை 11, செவ்வாய்க்கிழமை. நான்காவது முறையும் நிற்கத் தயார் என்று ரூஸ்வெல்ட் அன்றுதான் அறிவித்தார். அன்றிரவே வெள்ளை மாளிகை மாடியில் விருந்து. ஹானகன், ஃபிளின், பாலி, சிகாகோ மேயர் எட் கெல்லி, அஞ்சல்துறை அமைச்சர் ஃபிராங்க் வாக்கர் வந்திருந்தார்கள். வேனல் வாட்டியது. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெயர்களை அலசினார்கள்.

வாலஸ் பெயர் பேச்சின் தொடக்கத்திலேயே கழிந்தது.

அடுத்து ஜேம்ஸ் பைர்ன்ஸ். தென் கரோலினாக்காரர். உச்ச நீதிமன்ற நீதிபதி பதவியையே துறந்து வந்து போர்க்காலப் பொருளாதாரத்தை நடத்தியவர். உள்நாட்டு நிர்வாகத்தில் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்தவர் அவர்தான், துணை அதிபர்கூட இல்லை. தகுதியை மட்டும் பார்த்திருந்தால் தேர்வு அங்கேயே முடிந்திருக்கும்.

ஃபிளின் கணக்குப் பார்த்தார். பைர்ன்ஸ் இனப் பிரிவினையை ஆதரிக்கும் தென்மாநிலத்தவர், நியூயார்க்கின் கறுப்பின வாக்குகள் போகும். தொழிற்சங்கங்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. பிறப்பால் கத்தோலிக்கர், பிறகு சபை மாறியவர் என்பதால் வடக்கின் பெருநகரங்களில் கத்தோலிக்க வாக்கும் நழுவும். நியூயார்க் போனால் தேர்தலே போகலாம்.

உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸின் பெயரை ரூஸ்வெல்ட்டே எடுத்தார். அறையில் யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு மிசௌரி செனட்டர் ஹாரி ட்ரூமன். போர்ச் செலவில் நடந்த ஊழலையும் வீணடிப்பையும் தோண்டியெடுத்த செனட் குழுவுக்குத் தலைவர். ரூஸ்வெல்ட்டின் திட்டங்களுக்கு வாக்களித்தவர், ஆகவே தொழிற்சங்கங்கள் எதிர்க்கா. எல்லை மாநிலத்தவர், அவருடைய தாத்தா பாட்டி காலத்தில் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள், ஆகவே தெற்கும் பொறுத்துக்கொள்ளும். கன்சாஸ் சிட்டியின் பெண்டர்காஸ்ட் என்ற கட்சி முதலாளியின் தயவில் வளர்ந்தவர் என்பது ஒரு கறை, ஆனால் பணம் வாங்கினார் என்று யாரும் சொன்னதில்லை.

வயது என்ன என்று கேட்டார் ரூஸ்வெல்ட். அறுபதைத் தொட்டிருந்தது. ரூஸ்வெல்ட்டின் மருமகன் காங்கிரஸ் கையேட்டைக் கொண்டுவரச் சொன்னார். புத்தகம் வந்தபோது பேச்சு வேறு திசைக்குப் போயிருந்தது. யாரும் அதைத் திரும்ப இழுக்கவில்லை.

யாரை நிறுத்தினால் வாக்கு கூடும் என்று அந்த அறையில் எவரும் கேட்கவில்லை. யாரை நிறுத்தினால் குறையாது என்பதுதான் கேள்வி. தராசில் எந்தத் தட்டும் சாயாத எடைதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ட்ரூமன் அப்படிக் கிடைத்தார்.

*

ரூஸ்வெல்ட்டை நான் மிக மதிக்கிறேன். ஆனாலும் அடுத்த சில நாள்களில் அவர் நடந்துகொண்ட விதத்தை நியாயப்படுத்த முடியவில்லை.

ஜூலை 13-இல் வாலஸைச் சந்தித்து, மீண்டும் இதே ஜோடியாக இருப்போம் என்று நம்புவதாகச் சொல்லி அனுப்பினார். ட்ரூமனையோ டக்ளஸையோ அதிபர் முன்மொழிவதாகச் சொல்வது உண்மையா என்று பைர்ன்ஸ் தொலைபேசியில் கேட்டபோது, அப்படி நான் சொல்லவில்லை என்றார். நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராக வாழ்க்கையைத் தொடங்கியவர் பைர்ன்ஸ், அந்த உரையாடலை வரி விடாமல் குறித்துக்கொண்டார். உடனே ட்ரூமனை அழைத்து, மாநாட்டில் என் பெயரை முன்மொழிய வேண்டும் என்று கேட்டார். தன் பெயர் அடிபடுவதை விரும்பாத ட்ரூமன் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்.

போதாததற்கு இரண்டு கடிதங்கள்.

ஒன்று மாநாட்டுத் தலைவர் செனட்டர் சாமுவேல் ஜாக்சனுக்கு. வாலஸை எனக்குப் பிடிக்கும், நான் பிரதிநிதியாக இருந்தால் அவருக்கே வாக்களிப்பேன், ஆனால் மாநாட்டுக்கு ஆணையிட விரும்பவில்லை. 1940-இல் விலகல் அறிக்கை எழுதி மிரட்டியவரிடமிருந்து இப்படி ஒரு கடிதம் வந்தால் பொருள் என்ன என்று கட்சிக்காரர்கள் புரிந்துகொண்டார்கள்.

மற்றொன்று ஹானகனுக்கு. ட்ரூமன், டக்ளஸ் இருவரில் யாரோடு நிற்கவும் மகிழ்ச்சி. முதலில் தட்டச்சு செய்தபோது டக்ளஸ் பெயர் முன்னால் இருந்தது, ஹானகன்தான் மாற்றி அடிக்கச் சொன்னார் என்று ரூஸ்வெல்ட்டின் செயலாளர் கிரேஸ் டல்லி பின்னாளில் எழுதினார். ஹானகன் தரப்பு இதை மறுத்தது. மாநாட்டில் காட்டப்பட்ட கடிதத்தில் ட்ரூமன்தான் முதலில்.

சிகாகோவில் பைர்ன்ஸ் வீழ்ந்தது தொழிற்சங்கங்களால். சி.ஐ.ஓ. தொழிற்சங்கக் கூட்டமைப்பின் அரசியல் செயற்குழுத் தலைவர் சிட்னி ஹில்மன் அவரை ஏற்கவே மாட்டேன் என்றார். சிட்னியிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று ரூஸ்வெல்ட் சொன்னதாக வந்த செய்தியைக் குடியரசுக் கட்சி தேர்தல் முழக்கமாகவே ஆக்கிக்கொண்டது. ஹில்மனின் முதல் விருப்பம் வாலஸ்தான். ஆனால் ட்ரூமன் என்றால் எதிர்ப்பில்லை என்றும் சொல்லியிருந்தார். பைர்ன்ஸ் மனம் கசந்து விலகினார்.

மீதி இருந்த தடை ட்ரூமன் ஒருவர்தான்.

பிளாக்ஸ்டோன் ஓட்டல் அறைக்கு அவரை வரவழைத்தார்கள். சான் டியாகோவில் இருந்த ரூஸ்வெல்ட்டுக்கு ஹானகன் தொலைபேசியில் பேசினார். ரூஸ்வெல்ட்டின் குரல் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கவேண்டிய அளவுக்குப் பெரிது. அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அந்த ஆள் வழிக்கு வந்தாரா? இல்லை, இப்படி ஒரு பிடிவாதக்காரரைப் பார்த்ததில்லை. அப்படியானால் அவரிடம் சொல்லுங்கள், போரின் நடுவே கட்சியை உடைக்க விரும்பினால் அது அவர் பொறுப்பு.

ட்ரூமன் ஆடிப்போனார். முன்னரே என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றுதான் அவரால் கேட்க முடிந்தது.

*

ஜூலை 20, வியாழக்கிழமை.

அன்று காலை சான் டியாகோவில், ரயில் பெட்டிக்குள் ரூஸ்வெல்ட் வலியில் துடித்தார். முகம் வெளுத்தது. மகன் ஜேம்ஸ் அவரைத் தரையில் படுக்க வைத்தார். சற்று நேரத்தில் எழுந்து, ஒன்றும் நடக்காதது போலக் கடற்படை ஒத்திகையைப் பார்வையிடப் போனார். இதைப் பல ஆண்டுகள் கழித்து மகன் சொல்லித்தான் உலகம் அறிந்தது. மாநாட்டில் ஒருவருக்கும் தெரியாது.

சிகாகோ ஸ்டேடியத்தில் பிற்பகல் வாலஸ் பேசினார். ரூஸ்வெல்ட்டை வழிமொழியத்தான் மேடையேறினார். ஆனால் பேசியது தன் கொள்கையை. வாக்களிக்க வரி கட்டச் சொல்லும் முறை ஒழிய வேண்டும். இனம், நிறம், மதம் பாராத அரசியல் உரிமையும் பொருளாதார உரிமையும் வேண்டும். தென்மாநிலப் பிரதிநிதிகளின் முகத்துக்கு நேராக இதைச் சொன்னார். ஆதரவு தேடும் வேட்பாளர் செய்யக்கூடாத காரியம் என்று கட்சிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த மாநாட்டில் பேசப்பட்டவற்றில் காலம் தாங்கி நிற்பது அந்தப் பேச்சு மட்டுமே என்பேன்.

ரூஸ்வெல்ட் 1,086 வாக்குகளோடு வேட்பாளரானார். தெற்கின் எதிர்ப்பாக வர்ஜீனியா செனட்டர் பேர்டுக்கு 89 விழுந்தன.

இரவு ரூஸ்வெல்ட்டின் ஏற்புரை ஒலிபெருக்கியில் வந்தது. அது முடிந்ததும் மண்டபம் வெடித்தது. தொழிற்சங்கத்தார் மாடங்களை நிறைத்திருந்தார்கள். வாலஸ் வேண்டும் என்ற கோஷம் எழுந்தது. ஆர்கன் வாத்தியத்தில் அயோவாவின் மக்காச்சோளப் பாட்டு திரும்பத் திரும்ப ஒலித்தது. பிரதிநிதிகள் மாநிலப் பதாகைகளைத் தூக்கிக்கொண்டு நடைவழிகளில் இறங்கினார்கள்.

சிலருடைய அரசியல் வாழ்க்கையில் இப்படி ஒரு கால் மணி நேரம்தான் வாய்க்கும். அந்த நொடியில் வாக்கெடுப்பு நடந்திருந்தால் வாலஸ் வென்றிருப்பார் என்று இரு தரப்பும் நினைத்தன.

ஃபுளோரிடா செனட்டர் கிளாட் பெப்பருக்கு அது புரிந்தது. நாற்காலி மேல் ஏறிப் பதாகையை ஆட்டினார். மாநாட்டுத் தலைவர் ஜாக்சன் பார்க்காததுபோல இருந்தார். பெப்பர் கீழே குதித்துக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடையை நோக்கி ஓடினார். மேடையேறி வாலஸின் பெயரை முன்மொழிந்துவிட்டால் போதும்.

ஹானகன் அதைப் பார்த்தார். கூட்டம் அளவு மீறிவிட்டது, தீ விபத்துக்கு வழி என்று மேயர் கெல்லியின் ஆட்கள் முறையிட்டார்கள். ஒத்திவைக்கும் தீர்மானம் வந்தது. ஆதரிப்போர் குரல் கொடுங்கள் என்றார் ஜாக்சன். எதிர்ப்போர்? மண்டபமே எதிர்த்துக் கத்தியது.

தீர்மானம் நிறைவேறியது என்று அறிவித்தார் ஜாக்சன். பெப்பர் படிக்கட்டருகே வந்து சேர்ந்தபோது கூட்டம் முடிந்திருந்தது.

மறுநாள் ஜாக்சனே பெப்பரிடம் ஒப்புக்கொண்டார். உங்களுக்கு அப்படிச் செய்ய எனக்கே மனமில்லை, ஆனால் நேற்றிரவு துணை அதிபர் வேட்பாளரை மாநாடு தேர்ந்தெடுத்துவிடக் கூடாது என்று ஹானகன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

*

ஓர் இரவு கிடைத்தது. ஹானகனும் பாலியும் விடியும்வரை மாநிலத் தலைவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை நுழைவுச்சீட்டில் கெடுபிடி. மாடங்களில் நேற்றைய கூட்டம் இல்லை. வெற்றிக்கு 589 வாக்குகள் வேண்டும். முதல் சுற்றில் வாலஸ் 429½, ட்ரூமன் 319½. மீதியைத் தத்தம் மாநிலச் செல்லப்பிள்ளைகளுக்குப் போட்டு வைத்திருந்தார்கள். ஹானகனின் திட்டமே அதுதான். வாலஸை முதல் சுற்றில் எல்லைக்கு இந்தப் பக்கமே தடுத்துவிட்டு, ஒதுக்கிவைத்த வாக்குகளைப் பிறகு திறந்துவிடுவது.

இடைவேளை விடவில்லை. உடனே இரண்டாம் சுற்று. மேரிலாந்து ட்ரூமன் பக்கம் சாய்ந்தது. ஓக்லஹோமா சாய்ந்தது. சுற்று முடிந்தபோது ட்ரூமன் 477½, வாலஸ் 473. யாருக்கும் பெரும்பான்மை இல்லை.

அப்போது அலபாமா எழுந்தது. முதல் சுற்றில் 98 வாக்குகள் பெற்றிருந்த செனட்டர் பாங்க்ஹெட் விலகி, தன் மாநிலத்தை ட்ரூமனுக்குக் கொடுத்தார். அணை உடைந்தது. மாநிலம் மாநிலமாக எழுந்து வாக்கை மாற்றிக்கொண்டார்கள். இறுதிக் கணக்கு ட்ரூமன் 1,031, வாலஸ் 105.

சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ட்ரூமனை மேடைக்கு இழுத்து வந்தார்கள். சில வாக்கியங்களில் நன்றி சொல்லி இறங்கினார். வெளியே கூட்டம் நெருக்கியபோது, அவர் இறந்துபோனால் என்ன ஆகும் என்று அவர் மனைவி பெஸ் கேட்டார் என்கிறார் மகள். ரூஸ்வெல்ட்டைத்தான் சொன்னார். பெஸ் அதை வாய்விட்டே கேட்டார்.

அந்த வாரம் வெளிவந்த காலப் கருத்துக்கணிப்பில் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் 65 சதவீதத்தினர் வாலஸை விரும்பினார்கள். ட்ரூமனை விரும்பியவர்கள் 2 சதவீதம்.

*

தேர்தல் கணக்காகப் பார்த்தால் ஃபிளின் தோற்கவில்லை. எதிர்முனையில் குடியரசுக் கட்சி வேட்பாளர் தாமஸ் டூயி தன் கட்சியின் பழமைவாதிகளைச் சமாதானப்படுத்த ஒஹையோ ஆளுநர் பிரிக்கரைச் சேர்த்துக்கொண்டார். நவம்பரில் ரூஸ்வெல்ட் 432 தேர்வாளர் வாக்குகள் பெற்றார், டூயி 99. தெற்கு உடையவில்லை. நியூயார்க் கை நழுவவில்லை.

ஆனால் அவர்கள் தேடியது ஒரு அதிபரை. தேடியவர்கள் அதிபருக்குரிய தகுதி எதையும் அளந்து பார்க்கவில்லை. அடுத்து நாட்டை ஆளப்போகிறவர் இவர் என்று உறுதியாகத் தெரிந்தும், நவம்பரில் எத்தனை வாக்கு கெடும் என்ற ஒரே கோலால் அளந்தார்கள். நாட்டுக்கு அவர்கள் உண்மையைச் சொல்லவுமில்லை. இந்த இரண்டையும் மன்னிக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அந்தக் கோலுக்குக் கிடைத்தவர் பின்னாளில் நிமிர்ந்து நின்றார் என்பது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 18-இல் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ட்ரூமனோடு மதிய உணவு. காபியில் பாலேடு ஊற்றியபோது ரூஸ்வெல்ட்டின் கை நடுங்கியது, கோப்பையைவிடத் தட்டில்தான் அதிகம் விழுந்தது. பிரசாரத்துக்கு விமானத்தில் போகாதே, நம்மில் ஒருவராவது உயிரோடு இருக்க வேண்டும் என்றார். வெளியே காத்திருந்த நிருபர்களிடம், அதிபர் நன்றாக இருக்கிறார் என்றார் ட்ரூமன்.

1945 ஜனவரி 20-இல் அவருக்குத் துணை அதிபராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தவர் வாலஸ்.

82 நாள்கள். ஏப்ரல் 12-இல் வார்ம் ஸ்பிரிங்ஸில் ரூஸ்வெல்ட் காலமானார். அன்று மாலை ட்ரூமன் அதிபரானார். அணுகுண்டு என்ற ஒன்று உருவாகிறது என்பதை அதற்குப் பிறகுதான் போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சன் அவர் காதில் போட்டார். முழு விவரம் கிடைத்தது ஏப்ரல் 25-இல்.

சிகாகோவில் எல்லோரையும் சமாதானப்படுத்தும் மனிதர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். நான்கே ஆண்டுகளில் கட்சியின் இரு ஓரங்களும் அவரை விட்டு வெளியேறின. கறுப்பினத்தவரின் உரிமை குறித்து அவர் எடுத்த நிலைப்பாட்டைப் பொறுக்காமல் தென்மாநிலத்தார் தனிக்கட்சி கண்டு ஸ்ட்ரோம் தர்மண்டை நிறுத்தினார்கள். மறுபக்கம் அவரை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்றவர் ஹென்றி வாலஸ்.

நெருக்கடியில் ட்ரூமன் ஒரு துணை அதிபர் வேட்பாளரைத் தேடினார். முதலில் அழைத்தது, 1944 கடிதத்தில் தன்னோடு பெயர் இடம்பெற்ற அதே வில்லியம் டக்ளஸை. டக்ளஸ் மறுத்துவிட்டார். கட்சி மூன்றாகக் கிழிந்து, வெற்றி வாய்ப்பே இல்லை என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தபோது, ட்ரூமன் யாரை, என்ன கணக்கில் தேர்ந்தெடுத்தார்?

(அடுத்த வாரம்)